மூச்சுக்கு ஒரு சுற்று

ஆவாரம்புதூரில் ஒன்றைப் போலவே செய்த இன்னொரு சாமான் ஓடாமல் போன செவ்வாய்க்கிழமை காலையில், அமலி என்கிற அமலோற்பவம் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பால் பொங்குவதற்காக அடுப்பருகே காத்திருந்தாள். முதலில் நின்றது பக்கத்து வீட்டு வசந்தாமணியின் மிக்ஸி, சட்னிக்குத் தேங்காய் பாதி அரைபட்டிருந்தபோது. அதற்கப்புறம் எதிர்வரிசை வீடுகளின் மின்விசிறிகள். அதற்கப்புறம் பெரிய தெருப் பட்டறைகளின் புது மெஷின்கள், பேச்சின் நடுவில் வாயை மூடிக்கொண்ட ஆட்களைப் போல எல்லாம் ஒரே நேரத்தில். அதற்கப்புறம் கோயிலில் பூசை வேளைக்குத் தானாக முரசும் மணியும் அடிக்கிற மோட்டார் மேளம். கடைசியாக, தொட்டிலுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்த மூச்சுப்பெட்டி.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அமலி திரும்பிப் பார்க்கவில்லை. தொட்டிலுக்குள் கையை விட்டு, பிள்ளையின் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்து, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தபடியே நின்றாள்.

அந்தப் பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்தவள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எல்லாக் குழந்தைக்கும் தெரிகிற மூச்சு விடும் வித்தை இவளுக்கு மட்டும் தூக்கத்தில் மறந்துபோகும். நகரத்து ஆஸ்பத்திரியில் அதற்காக ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருந்தார்கள். அதன் பட்டையைப் பிள்ளையின் வயிற்றைச் சுற்றிக் கட்டினால், மூச்சு நின்ற உடனே பெட்டி பட்டையை ஒரு குலுக்குக் குலுக்கும், பிள்ளை திடுக்கிட்டு, யாரோ கூப்பிட்டது போல ஒரு பெருமூச்சு இழுத்து, திரும்பவும் ஆரம்பிப்பாள். தவழ ஆரம்பிக்கும்போது இந்த மறதி தானாகப் போய்விடும், அதுவரைக்கும் பெட்டியைக் கழற்றாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் கட்டிய பட்டையில் 'பேபி ஆஃப் அமலோற்பவம்' என்று எழுதியிருந்தது. அதைத் தவிர பிள்ளைக்கு வேறு பெயர் இல்லை. பெயர் வைத்தால் கூப்பிட வேண்டும், கூப்பிட்டுத் திரும்பாமல் போனால் என்ன செய்வது என்று அமலிக்குப் பயம். மாதா கோயிலில் ஞானஸ்நானத்துக்குத் தேதி கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம் பார்க்கலாம் ஃபாதர் என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

சாமான்கள் நின்றதைப் பார்த்து ஊர் ஆச்சரியப்படவில்லை, ஆச்சரியப்பட ஊருக்கு நேரமில்லை. கோயம்புத்தூருக்குக் கிழக்கே, தெருவுக்குத் தெரு லேத்தும் வார்ப்படமும் மோட்டார் கம்பெனியுமாக, கண்ணால் பார்த்திராத ஊர்களின் கிணறுகளுக்கெல்லாம் பம்பு செய்து அனுப்பிக்கொண்டிருந்த ஊர் அது. அன்றைக்கு ஏற்ற வேண்டிய லோடு வாசலில் நின்றுகொண்டிருந்தது. முதலில் மின்சார ஆபீசைத் திட்டினார்கள். அங்கிருந்து ஆள் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்து, கரண்டு நல்லா இருக்குதுங்க, உங்க சாமானுக்குத்தான் மனசில்லை என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். அப்புறம் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தது. தேய்ந்து தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றுகிற பழைய கிரைண்டர்கள் ஓடின. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே இன்னதென்று சொல்லக்கூடிய பழைய டவுன் பஸ் ஓடியது. போன மாதம் வந்த புது பஸ் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்ததும் நின்று, ஆட்கள் இறங்கி அந்தப் பக்கம் தள்ளியதும் ஓடியது. ஆணிக்கும் பல்புக்கும் அந்தக் கோளாறு வரவில்லை. சுற்றுகிற சாமானுக்கும் யோசிக்கிற சாமானுக்கும் மட்டும்தான்.

விஷயத்தை வாயைத் திறந்து சொன்னவர் பம்பு கம்பெனி நாச்சிமுத்தண்ணன். அமலியின் புருஷன் சவரிராஜ் அவரிடம்தான் மெஷின் ஓட்டினான். ஊரில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஆபீஸ் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு சாம்பிள் பீஸ் இருக்கும்: முதன்முதலில் கையால் செய்து, ஆர்டர் கொடுக்க வந்தவருக்கு ஓட்டிக் காட்டி, அதைப் பார்த்துத்தான் மற்றதெல்லாம் செய்தோம் என்று சந்தனம் வைத்துப் பூட்டிவைத்த ஒற்றைச் சாமான். நாச்சிமுத்தண்ணன் தன் சாம்பிள் பம்பை எடுத்துத் தூசி தட்டி, தண்ணீர்த் தொட்டியில் இறக்கிச் சுவிட்சைப் போட்டார். தண்ணீர் கூரை வரைக்கும் அடித்தது. நனைந்த சட்டையோடு தெருவுக்கு வந்து, நியூஸ் வாசிப்பவரைப் போல நிதானமாகச் சொன்னார்:

"சாம்பிள் ஓடுதுங். ஆர்டருதான் ஓட மாட்டீங்குது."

சரி, வெளியூர் போய்விடலாம் என்று கிளம்பினவர்களும் உண்டு. ஆனால் இந்தக் கோளாறு ஊரோடு நிற்கவில்லை, ஊர்க்காரர்களோடு கூடவே போனது. திருப்பூரில் மச்சான் வீட்டுக்குப் போன ஒருவர் காபி டம்ளரோடு பனியன் கம்பெனிக்குள் நடக்க நடக்க, அவர் கடந்துபோன வரிசையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றனவாம். மச்சான் ரொம்ப மரியாதையாக அவரைத் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிவந்து பஸ் ஏற்றிவிட்டாராம்.

அமலியும் சவரிராஜும் பழைய டவுன் பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், துண்டுக்குள்ளே அமலியின் கை பிள்ளையின் வயிற்றிலேயே இருந்தது. நர்ஸ் புதுப் பெட்டி எடுத்துவந்து கொடுத்தாள். அமலியின் கைக்கு வந்ததும் அதன் விளக்கு அணைந்தது. இன்னொன்று கொடுத்தாள், அதுவும். அப்போதுதான் அமலி நிமிர்ந்து வார்டுக்குள் பார்த்தாள். உள்ளே வரிசையாகக் குழந்தைகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் இவளுடையதைப் போலவே ஒரு பெட்டி, அவள் வாசலில் நிற்க நிற்க, கிட்டே இருந்ததிலிருந்து ஆரம்பித்து அந்தப் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே போயின. யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. யாரும் சொல்வதற்கு முன்னாலேயே அவள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். ரோட்டுக்கு வந்து, மாடி ஜன்னலில் இருந்து நர்ஸ் கையை ஆட்டி, எல்லாம் திரும்ப எரிகிறது என்று காட்டிய பிறகுதான் நடைபாதையில் உட்கார்ந்தாள். யார் வீட்டுப் பிள்ளைகளோ அவை. அவற்றின் மூச்சை மிதித்துக்கொண்டு தன் பிள்ளைக்கு மூச்சுக் கேட்க அவளால் முடியாது.

திரும்பி வந்த அன்றே வசந்தாமணி கேட்காமலேயே உள்ளே வந்து, கையைக் கழுவித் துடைத்து, தொட்டிலில் விட்டாள். அமலி கல்யாணத்துக்கு முன்னால் மோட்டார் கம்பெனியில் செம்புக்கம்பிச் சுருளான காயில் சுற்றியபோது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து காயில் சுற்றியவள் அவள். "நீ போய்ப் படு அம்மணி. கண்ணு ரெண்டும் கொவ்வப்பழமாட்ட இருக்குது," என்றாள். அவளுக்கப்புறம் எதிர்வீட்டுக்காரி, அவளுக்கப்புறம் ரேஷன் கடைத் தெருவிலிருந்து ஒருத்தி. தண்ணீர்க் குழாயடியில் முறை வைப்பது போலப் பெண்கள் கை முறை வைத்தார்கள். கை வைத்திருப்பவள் பேசலாம், பாடலாம், ஊர் வம்பு இழுக்கலாம், ஆனால் உள்ளங்கை மட்டும் பேச்சைக் கேட்கக் கூடாது. பிள்ளையின் மூச்சு நின்றால் உலுக்க வேண்டும். ஒவ்வொருத்தி உலுக்கலும் ஒவ்வொரு மாதிரி; பிள்ளையும் ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு மாதிரி முகத்தைச் சுளித்தாள். அமலி படுத்தாளே தவிரத் தூங்கவில்லை. யாருடைய கையும் ஒரு நாள் மரத்துப்போகும், மரத்துப்போகிற அந்த ஒரு நிமிஷம் எது என்று மட்டும் தெரியாது என்பதை நினைத்தபடி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஊர் ஒன்றைப் போல ஒன்று இல்லாதபடி சாமான்களைத் திருத்திச் செய்து, தன் பாட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த மாற்றத்தைப் பார்ப்பதற்கென்றே ரயில்வே கேட் வரைக்கும் வந்து நின்றுவிட்டுப் போனார்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். ஒரு வீட்டில் விசிறி இறக்கை மீன் வால் போல் வெட்டப்பட்டுத் தண்ணீர் தெளித்த மாதிரிக் காற்று வீசியது. இன்னொரு வீட்டில் மூன்று இறக்கையும் மூன்று நீளத்தில் இருந்து, சுற்றும்போது கிழவர்கள் வெற்றிலை இடிக்கிற சத்தம் கேட்டது. பம்புகளில் ஒன்று கிணற்றைப் பார்த்துச் செய்யப்பட்டது, ஒன்று தோட்டத்தைப் பார்த்து, ஒன்று அதை இறக்கித் தூக்க வேண்டிய அம்மாவின் இடுப்பு வலியைப் பார்த்து. ஆர்டர் என்கிற சொல் பேச்சிலிருந்து விழுந்துபோய், எல்லாவற்றுக்கும் சாம்பிள் என்றே பெயராயிற்று. பிள்ளைகள் தங்களையே அப்படிச் சொல்லிக்கொண்டார்கள். இத்தனை நாளும் ஒன்றைப் போல ஒன்று செய்து பழகிய கைகளுக்குள் இத்தனை வேறு வேறு சாமான்கள் இருந்ததா என்று அந்தக் கைகளின் சொந்தக்காரர்களே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

மூச்சுப்பெட்டியை மட்டும் அப்படிச் செய்ய முடியவில்லை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிற யசோதா மேடம் பெட்டியைத் திறந்து, அதற்குள் நகக்கண் அளவு கறுப்பாக உட்கார்ந்திருந்த சிப்பைக் காட்டி, பம்பு வேறு இது வேறு என்று ரேஷன் கடை வாசலில் கூடியவர்களுக்குச் சொன்னார். இதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான சுவிட்சுகள் இருக்கின்றன. பக்கத்துச் சுவிட்சு இழுத்தால் நான் விடுவேன், விட்டால் நான் இழுப்பேன் என்று ஒன்றையொன்று கேட்டுக்கேட்டுத்தான் அது யோசிக்கிறது. இதைக் கோடிக்கணக்கில் செய்வதால்தான் இதற்கென்று ஒரு பெரிய தொழிற்சாலையைக் கட்டக் கட்டுபடியாகிறது. ஒன்றே ஒன்று செய்ய யாரும் அதைக் கட்ட மாட்டார்கள். அமலி கடைசி வரிசையில் பிள்ளையோடு நின்றிருந்தது அவருக்குத் தெரியும். அதனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு முடித்தார்.

"ஒரே ஒரு சிப்பு செய்யறதுன்னா, அதுக்குன்னே ஒரு ஊர் வேணுமுங்க."

நாச்சிமுத்தண்ணன் தலையைச் சொறிந்தார்.

"ஊருதான் இருக்குதுங்களே," என்றார்.

மேடம் அவரைப் பார்த்தார். அப்புறம் தெருவைப் பார்த்தார். அப்புறம், அமலி அதை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை, சுண்ணாம்புக் கட்டியை எடுத்து ரேஷன் கடைச் சுவரில் தெருத்தெருவாக வீடுகளை வரைய ஆரம்பித்தார். எல்லாச் சுவிட்சும் வேண்டாம், இந்த ஒரு வேலைக்கு எத்தனை தேவையோ அத்தனை போதும், இது பல வேலை தெரிந்த சிப்பு, நமக்கு ஒரே வேலைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வீட்டுக்கு ஒரு ரிலே. இரும்புத்துண்டின் மேல் செம்புக்கம்பி சுற்றிய காயில், எதிரே ஒரு சின்ன இரும்பு நாக்கு. கரண்டு வந்தால் காயில் காந்தமாகி நாக்கை இழுக்கும், போனால் விட்டுவிடும். காயில் சுற்றுவதற்கு அந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

லாரி ஷெட் மாரப்பன் மட்டும் எழுந்து, எல்லோர் மனசிலும் இருந்ததைக் கேட்டார். "ஒரு கொழந்தைக்கு ஒரு ஊருன்னா, அடுத்த கொழந்தைக்கு எந்த ஊரைக் கொண்டு வருவீங்க?" அவர் கெட்டவரில்லை, அவர் மனைவியும் கை முறையில் இருந்தாள். அடுத்தது வரட்டும், பார்க்கலாம் என்று கூட்டம் கலைந்தது. மாரப்பன் வீட்டுக்குப் போய்த் தன் பங்கு ரிலேவுக்கு இரும்பு அறுக்க உட்கார்ந்தார்.

அப்புறம் கம்பி வீடு வீடாக ஓடியது, கொடியில் காயும் துணிகளுக்கு மேலே, முருங்கைக் கிளைக்கு நடுவே, மாதா கோயில் சுவரைத் தாண்டிப் பள்ளிவாசல் சந்து வழியாக மாரியம்மன் கோயில் வேம்பைச் சுற்றிக்கொண்டு. ஒருவர் ரிலே பித்தளைச் செம்புக்குள் இருந்தது, ஒருவருடையது சைக்கிள் மணிக்குள், ஒருவருடையது அவர் அப்பாவின் பழைய பூட்டுக்குள். கடைசிக் கம்பி அமலி வீட்டுத் தொட்டிலுக்கு வந்து, துணி சுற்றிய ஒரு சின்னக் கோலில் முடிந்தது. பிள்ளையின் வயிற்றுப் பட்டை அசைய அசைய அந்த அசைவு ஊர் முழுக்கச் சுற்றிவர வேண்டும். அசைவு நின்றால் கோல் தொட்டிலை உலுக்க வேண்டும்.

மத்தியான வேளையில், எல்லோரும் வாசலுக்கு வந்து நிற்க, மேடம் சுவிட்சைப் போட்டார். கடைசித் தெருவிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வீடு வீடாக நடந்துவந்தது, ஒவ்வொரு வாசலிலும் ஒரு முகம் மலர்ந்தது, வசந்தாமணி வீட்டு வாசலுக்கு வந்தது, நின்றது. அவள் ரிலேவும் அசையவில்லை, பக்கத்தில் அமலியின் ரிலேவும் அசையவில்லை. மேடம் இரண்டையும் கழற்றிப் பார்த்தார். ஒரே கம்பி, ஒரே சுற்று, அடுக்குக்கு அடுக்கு ஒரே இறுக்கம். மோட்டார் கம்பெனியில் சூப்பர்வைசர் அவர்களை மெச்சிச் சொல்வது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது: இந்த ரெண்டு பேர் காயிலையும் மாத்தி வெச்சா கடவுளுக்கே தெரியாது.

அமலி வீட்டுக்குள் போய்ப் பிரித்துப் பத்துச் சுற்றுக் கூட்டிச் சுற்றினாள். அப்போதும் இரண்டும் நின்றன. ஏனென்றால் பக்கத்து வீட்டில் வசந்தாமணியும் யாரிடமும் சொல்லாமல் அதே பத்துச் சுற்றைக் கூட்டியிருந்தாள். அமலி குறைத்தாள், அவளும் குறைத்திருந்தாள்.

"நான் மாத்தறன்னா நீ எதுக்கு மாத்துன?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"நீங்க எதுக்குக்கா மாத்துனீங்க?"

"கைவேலைக்காரிக்குப் பக்கத்துல உக்காந்ததுதான் நான் பண்ணுன தப்பு," என்று சொல்லிவிட்டு வசந்தாமணி சிரித்தாள். அமலிக்குச் சிரிப்பு வரவில்லை. பெருமைப்பட்டுக்கொண்ட தன் கைதான் பிள்ளைக்கும் மூச்சுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று நினைத்து, அவள் தன் காயிலைத் தரையில் வைத்துவிட்டாள். வசந்தாமணி அதைப் பார்த்தாள். தன் காயிலை அப்படியே வைத்துவிட்டு, இனிமேல் நான் தொட மாட்டேன், நீ பார்த்துக்கோ என்று சொல்லி, கையைக் கழுவித் துடைத்துத் தொட்டிலருகே வந்தாள்.

"இல்லீங்கக்கா, நானே வெச்சுக்கறன்," என்று அமலி பிள்ளையைத் தொட்டிலில் இருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இடது உள்ளங்கை பிள்ளையின் வயிற்றில், வலது கையில் கம்பி. எண்ணினால் பழக்கம் வந்துவிடும், அதனால் எண்ணவில்லை. பிள்ளை ஒரு மூச்சு விட்டால் இவள் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிள்ளை வேகமாக விட்டால் வேகமாக; இழுத்து விட்டால் இழுத்து, தளர்வாக. தூக்கம் ஆழமாகி மூச்சு நின்றபோது கம்பியும் நின்றது. உலுக்கி, அந்தப் பெருமூச்சு வந்தபோது கம்பி ஒரு இடத்தில் இறுகிச் சின்னதாக ஒரு மேடு விழுந்தது. வேறு எந்தக் கம்பெனியிலும் அந்தக் காயிலைக் குப்பையில் போட்டிருப்பார்கள். பொழுது சாய்வதற்குள் அது முண்டும் முடிச்சுமாக, பிஞ்சுச் சுரைக்காய் போல, உலகத்தில் வேறெங்கும் இல்லாததாக ஆகியிருந்தது.

பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, அதை மாட்டியதும் சத்தம் நிற்காமல் வந்தது. டிக் என்று வசந்தாமணி வீடு, டிக் என்று அமலி வீடு, அங்கிருந்து திரும்பத் தெருவுக்கு. அந்த நிமிஷமே பிள்ளை மூச்சை மறந்தாள். ஊர் முழுக்க ஒரு கணம் சத்தமில்லை. நாச்சிமுத்தண்ணன் தன் வாசலில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் எங்கேயோ ஒரு செம்புக்குள், எங்கேயோ ஒரு பூட்டுக்குள், வீடு வீடாகக் கேட்டுக் கேட்டு முடிவெடுத்து, துணி சுற்றிய கோல் தொட்டிலை உலுக்கியது. பிள்ளை முகத்தைச் சுளித்துப் பெருமூச்சு விட்டாள். ஆவாரம்புதூரும் விட்டது. அமலி தொட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனாள், பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவையாக.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஜீவிதா என்று பெயர் வைத்தார்கள். ஊர் சாம்பிள் என்றே கூப்பிட்டது. அந்த டிக் டிக் சத்தத்துக்கு ஊர் பழகிப்போனது. மாவு ஆட்டுகிறவர்கள் அதற்குத் தாளம் போட்டார்கள்; சண்டை போடுகிற புருஷன் பெண்டாட்டிகள் அது நின்றால் பேச்சை நிறுத்தி, உலுக்கல் முடிந்து திரும்ப வந்த பிறகு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். யாருடைய ரிலேவாவது திக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து விரலால் நாக்கை இழுத்துப் பிடித்தார். நகரத்திலிருந்து பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் வந்து, தெருவைச் சுற்றிப் பார்த்து, சிப்புக்குள்ளே நடந்துபோகிறோம் என்று சின்னப்பிள்ளைகள் போல ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். யசோதா மேடம் அவர்களுக்கு ஒவ்வொரு வீட்டுப் பெயரையும் சொல்லிக் காட்டினார்.

ஜீவிதா தவழ ஆரம்பித்தாள். மறதி போயிற்று. பட்டையைக் கழற்றிய அன்றைக்கு ஊர் அமைதியாகிவிட, வீடுகளில் சிலர் என்னமோ குறைகிறது என்று வெளியே வந்து பார்த்தார்கள்.

அந்த ஐப்பசியில் வசந்தாமணியின் தங்கை கோகிலவாணி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். அவள் பிள்ளையும் மாதம் நிறையாமல் பிறந்தான், அவனும் தூக்கத்தில் மறந்தான். இதுதான் இருக்கிறதே, கம்பியைத் தொட்டிலுக்கு இழுத்தால் ஆயிற்று என்றார்கள். இழுத்தார்கள். ஒரு ரிலேவும் அசையவில்லை. அமலியின் காயிலுக்கு ஜீவிதாவின் மூச்சு மட்டும்தான் தெரியும். இந்தப் பையன் விடுவது அதற்கு மூச்சாகவே படவில்லை. மாரப்பன் யாரையும் குத்திக்காட்டவில்லை. ரேஷன் கடைச் சுவரில் மேடம் வரைந்திருந்த வீடுகளை எண்ணிவிட்டு, "ஊரு இதே ஊருதானுங். வீட்டுக்கு இன்னொரு ரிலே வெக்கோணும், அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு இரும்பு அறுக்கப் போனார்.

அமலி ஜீவிதாவை வசந்தாமணியின் இடுப்பில் கொடுத்துவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கோகிலவாணி சுவரோரம் உட்கார்ந்து பிள்ளையின் வயிற்றிலிருந்து கையை எடுக்காமல் இருந்தாள். அவள் கண்களைப் பார்த்ததும் அமலிக்கு உத்தரத்தில் தான் வெறித்துக்கொண்டிருந்த இடம் ஞாபகம் வந்தது.

"உங்க பாப்பாவுக்குச் செஞ்ச மாதிரியே வருமாங்கக்கா?"

"வராது கண்ணு," என்றாள் அமலி. "அதே மாதிரி வந்தா ஓடாது."

பையனை மடியில் வாங்கிப் போட்டு, இடது உள்ளங்கையை அவன் வயிற்றில் வைத்து, வலது கையில் கம்பியின் நுனியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வெளியே யாரோ இரும்பு அறுக்கிற சத்தம் கேட்டது. கோகிலவாணியின் தலை மெல்லச் சுவரில் சாய்ந்தது.

மூச்சு வந்தது. அமலி ஒரு சுற்றுச் சுற்றினாள்.